அகதிகளைக் குடியமர்த்த அமெரிக்க அரசு திருச்சபைக்குப் பணம் கொடுத்தது ஏன், அது நின்றது எப்படி?

2025 ஜனவரி கடைசியில் அமெரிக்கத் துணை அதிபர் ஜே.டி. வான்ஸ் சிபிஎஸ் தொலைக்காட்சிப் பேட்டியில் ஒரு கேள்வி எழுப்பினார். சட்டவிரோதமாக வந்தவர்களைக் குடியமர்த்த கத்தோலிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) அரசிடம் 10 கோடி டாலருக்கு மேல் வாங்குகிறார்களே, அவர்கள் கவலைப்படுவது மனிதர்களுக்காகவா, வரும்படிக்காகவா என்பது அந்தக் கேள்வியின் சாரம். வான்ஸே 2019இல் கத்தோலிக்கராக மாறியவர் என்பதால் பேச்சு பெரிதாகப் பரவியது. ஏப்ரலில் ஆயர்கள் அந்த வேலையிலிருந்தே விலகுவதாக அறிவித்தார்கள். ஜூனில் கத்தோலிக்கத் தொண்டு அமைப்பு ஒன்று வரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் வென்றது. மூன்று செய்தியிலும் "கத்தோலிக்க", "தொண்டு", "அரசுப் பணம்" என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன, ஆனால் மூன்றும் வெவ்வேறு விஷயங்கள். எது எது என்று பிரித்துக்கொள்ளாமல் இந்த விவகாரத்தில் ஒரு பக்கம் நிற்பது சரியாக வராது. அதனால் அடியிலிருந்து தொடங்கலாம்.

பெயர் ஒன்று, அமைப்புகள் பல

கத்தோலிக் சாரிட்டீஸ் என்று ஒரே தலைமையில் இயங்கும் ஒரு நிறுவனம் கிடையாது. அமெரிக்காவில் ஒவ்வொரு மறைமாவட்டத்திலும், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பில் இருக்கும் பகுதியிலும், அந்தந்த ஆயரின் கீழ் தனித்தனியாகப் பதிவு செய்யப்பட்ட தொண்டு அமைப்புகள் இருக்கின்றன. இவற்றில் 160க்கும் மேற்பட்டவை சேர்ந்த கூட்டமைப்புதான் கத்தோலிக் சாரிட்டீஸ் யுஎஸ்ஏ. 1910இல் வாஷிங்டனில் வேறொரு பெயரில் தொடங்கியது, 1986இல் இந்தப் பெயருக்கு மாறியது. வேர் அதற்கும் முந்தையது. 1727இல் நியூ ஆர்லியன்ஸில் வந்திறங்கிய உர்சுலைன் சபைக் கன்னியர்கள் நடத்திய அனாதை இல்லத்திலிருந்துதான் இவர்கள் தங்கள் வரலாற்றைச் சொல்லத் தொடங்குகிறார்கள். அமெரிக்கா என்ற நாடே அப்போது இல்லை.

இதற்கு வெளியே அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர் பேரவை என்று ஒன்று உண்டு. அகதிகள் விஷயத்தில் மத்திய அரசோடு ஒப்பந்தம் போட்டது இந்தப் பேரவை. வீட்டைத் தேடி, கட்டிலைப் போட்டு, குழந்தையைப் பள்ளியில் சேர்த்தது பெரும்பாலும் அந்தந்த ஊர் கத்தோலிக் சாரிட்டீஸ். பணம் பேரவை வழியாக இறங்கி ஊர் அமைப்புக்குப் போகும். "கத்தோலிக் சாரிட்டீஸ் மூடப்பட்டது" என்று ஒரு தலைப்பைப் பார்த்தால், ஏதோ ஒரு மறைமாவட்டத்தில் ஒரு திட்டம் நின்றிருக்கிறது என்றுதான் பெரும்பாலும் பொருள்.

அகதிகள் இதில் ஒரு பகுதி மட்டுமே

இந்த அமைப்புகளின் வாசலில் ஒரு சாதாரண திங்கட்கிழமை நிற்பவர்களில் நிறைய பேர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். வாடகை பாக்கி, மின்சாரம் துண்டிக்கப்போவதாக வந்த நோட்டீஸ், மாதக் கடைசியில் தீர்ந்துபோன மளிகை, இதற்குத்தான் வருகிறார்கள். உணவுப் பொருள் வழங்கும் இடம் (அங்கே ஃபுட் பேன்ட்ரி என்பார்கள்), முதியோர் குடியிருப்பு, மனநல ஆலோசனை, வளர்ப்புப் பெற்றோரிடம் குழந்தைகளைச் சேர்ப்பது, வெள்ளம் புயல் வந்தால் நிவாரணம் என்று பட்டியல் ஊருக்கு ஊர் மாறும்.

வாடகை உதவி எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இவர்களுடைய வேலையின் இயல்பு பிடிபடும். பணம் பொதுவாகக் குடும்பத்தின் கையில் தரப்படுவதில்லை, வீட்டுக்காரருக்கு நேராகப் போகும். அதற்கு முன்னால் கேஸ் வொர்க்கர் (அந்தக் குடும்பத்தின் பொறுப்பைப் பார்க்கும் ஊழியர்) உட்கார்ந்து குடும்பத்தின் வரவு செலவை வரிவரியாகப் பார்ப்பார். இந்த மாதம் நாம் கட்டினால் அடுத்த மாதம் அவர்களால் கட்ட முடியுமா என்பதுதான் அவர் தேடும் பதில். முடியாது என்றால் வாடகையோடு வேலை தேடும் உதவியும் சேர்ந்து தொடங்கும்: சுயவிவரம் எழுதிக் கொடுப்பது, நேர்காணலுக்குப் பழக்குவது, குறுகிய காலப் பயிற்சியில் சேர்த்துவிடுவது, வேலைக்குப் போகும் முதல் இரண்டு வாரத்துக்குப் பஸ் பாஸ் தருவது. கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் கார் இல்லாமல் எதுவும் நடக்காத ஊர்களில், முதல் சம்பளம் வரும்வரை வேலைக்குப் போய்ச் சேர வழியில்லாமல் வேலையை விட்டவர்கள் உண்டு.

மதம்? கேட்பதில்லை. அவர்கள் கத்தோலிக்கர்கள் என்பதற்காக உதவவில்லை, நாங்கள் கத்தோலிக்கர்கள் என்பதால் உதவுகிறோம் என்பது இவர்கள் வட்டாரத்தில் பல காலமாகப் புழங்கும் பேச்சு. ஜூன் மாத வரி வழக்கின் மையமே இதுதான். விஸ்கான்சின் மாநிலத்தில் மத நோக்கத்துக்காக நடத்தப்படும் அமைப்புகளுக்கு வேலையின்மைக் காப்பீட்டு வரியிலிருந்து விலக்கு உண்டு. சுப்பீரியர் மறைமாவட்டத்தின் கத்தோலிக் சாரிட்டீஸ் அந்த விலக்கைக் கேட்டது. நீங்கள் மதம் பரப்பவில்லை, உங்கள் மதத்தாருக்கு மட்டும் சேவை செய்யவும் இல்லை, மாற்றுத்திறனாளிகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்வது யார் வேண்டுமானாலும் செய்யும் வேலை, அதனால் விலக்கு இல்லை என்று 2024இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 ஜூன் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதைத் திருப்பினார்கள். எப்படி உதவ வேண்டும் என்பதே ஒரு மதத்தின் போதனையாக இருக்கும்போது, பிரசாரம் செய்யும் மதத்துக்குச் சலுகை, செய்யாத மதத்துக்கு இல்லை என்று அரசு பிரிக்கக் கூடாது என்றார்கள். அகதிகளுக்கும் இந்தத் தீர்ப்புக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை.

வருகிறவர்கள் மூன்று வகை

வான்ஸ் சொன்னதில் இருக்கும் சிக்கல் புரிய இந்தப் பிரிவு அவசியம்.

1. அகதி. அமெரிக்காவுக்கு வெளியிலேயே, பெரும்பாலும் ஏதோ ஒரு முகாமில் இருக்கும்போதே விண்ணப்பிக்கப்பட்டு, அமெரிக்க அதிகாரிகள் நேரில் விசாரித்து, கைரேகை, பின்னணி, மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடிந்து, அனுமதியோடு விமானத்தில் வந்து இறங்குபவர். ஒன்றரை, இரண்டு வருடம் சாதாரணமாக ஆகும். இறங்கிய நாளிலிருந்து வேலை செய்ய உரிமை உண்டு. ஒரு வருடம் கழித்து கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

2. புகலிடம் கோருபவர். முதலில் வந்துவிட்டு, அப்புறம் அடைக்கலம் கேட்பவர். கேட்பது சட்டப்படியான உரிமைதான், ஆனால் தீர்ப்பு வரும்வரை நிலை உறுதியில்லை. வேலை அனுமதிக்கு ஏறத்தாழ ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

3. எந்த ஆவணமும் இல்லாதவர்.

ஆயர் பேரவை குடியமர்த்தியது முதல் வகையினரை. அரசே தேர்ந்தெடுத்து, அரசே வரவழைத்து, எந்த ஊருக்கு யார் போக வேண்டும் என்பதையும் அரசும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து முடிவு செய்த பிறகு வந்தவர்கள். அவர்களைச் சட்டவிரோதமாக வந்தவர்கள் என்பது தகவல் பிழை.

குழப்பத்துக்கு ஒரு காரணமும் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. டெக்சாஸின் மெக்காலன் நகரில் ரியோ கிராண்டே பள்ளத்தாக்குக் கத்தோலிக் சாரிட்டீஸ் 2014இலிருந்து ஒரு தங்குமிடம் நடத்துகிறது. அருட்சகோதரி நார்மா பிமென்டெல் தலைமையில் நடக்கும் அந்த இடத்துக்கு வந்தவர்கள் எல்லைக் காவல் படை பிடித்து, பதிவு செய்து, விசாரணைத் தேதி கொடுத்து வெளியே விட்டவர்கள். குளிக்க, உடை மாற்ற, ஒரு வேளை சாப்பிட, உறவினர் ஊருக்கு பஸ் ஏற. இதற்கும் ஒரு கட்டத்தில் மத்திய அரசின் நிதி வந்தது. ஆனால் அது வேறு துறை, வேறு சட்டம், வேறு கணக்கு. தொலைக்காட்சி விவாதங்களில் இரண்டும் ஒரே பையில் போட்டுக் குலுக்கப்பட்டன.

அரசு ஏன் தானே செய்யவில்லை?

1975இல் வியட்நாம் போரின் முடிவில் சைகோன் வீழ்ந்தபோது, அந்த ஒரே ஆண்டில் சுமார் 1,30,000 இந்தோசீன அகதிகள் அமெரிக்காவுக்கு வந்தார்கள். அவர்களை ஊர் ஊராகக் கொண்டுபோய் அமர்த்த அரசிடம் ஆள் இல்லை. ஊர் தேவாலயங்களிடம் இருந்தது. கத்தோலிக்க, லூத்தரன், யூத அமைப்புகள் முன்னால் வந்தன. 1980 மார்ச்சில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட அகதிகள் சட்டம் இந்த ஏற்பாட்டை நிரந்தரமாக்கியது. எத்தனை பேர், யார் யார் என்பதை அரசு முடிவு செய்யும், வந்தவர்களைத் தேசிய அளவிலான தொண்டு நிறுவனங்கள் ஏற்கும். இப்படி ஒப்பந்தம் வைத்திருந்தவை சமீப காலத்தில் பத்து, அதில் பாதிக்கு மேல் மதம் சார்ந்தவை.

தமிழ்நாட்டில் நாம் பார்த்துப் பழகியது வேறு முறை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, இலங்கைத் தமிழர் முகாம்களை மாநில அரசே நடத்துகிறது, பணக்கொடையையும் அரிசியையும் அரசே தருகிறது. அமெரிக்காவில் முகாம் என்பதே இல்லை. வந்த முதல் நாளிலிருந்து ஊருக்குள் வாடகை வீடு. அந்த வீட்டை யாராவது முன்கூட்டியே பிடித்து வைத்திருக்க வேண்டும், அந்த யாரோ தான் இந்த அமைப்புகள்.

தொண்ணூறு நாள்

வெளியுறவுத் துறையின் வரவேற்புத் திட்டம் 90 நாளுக்கானது. அதற்குள் என்னென்ன நடக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். விமான நிலையத்தில் ஆள் நிற்க வேண்டும். வீட்டில் அவர்கள் பழக்கத்துக்கு ஏற்ற சாப்பாடு தயாராக இருக்க வேண்டும், ஆப்கன் குடும்பம் என்றால் ஹலால் கறியும் சோறும். ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு கிண்ணம், ஒரு கோப்பை, ஒரு கரண்டி. சமையலுக்குப் பாத்திரம், டப்பா திறக்கும் கருவி, துடைப்பம், குப்பைக் கூடை, பருவத்துக்கு ஏற்ற உடை. அலாரம் கடிகாரமும் பட்டியலில் இருந்தது, ஏனென்றால் சில வாரத்தில் யாராவது ஒருவர் விடியற்காலை ஷிப்டுக்குப் போக வேண்டியிருக்கும். அப்புறம் சோஷியல் செக்யூரிட்டி எண், மருத்துவப் பரிசோதனை, 30 நாளுக்குள் குழந்தைகள் பள்ளியில்.

இதற்கு அரசு கொடுத்தது 2020களின் தொடக்கத்தில் தலைக்கு 2,000 டாலரைச் சற்றே தாண்டிய தொகை. மாதச் சம்பளம்போல் வருவதல்ல, ஒரே ஒரு தடவை. அதில் பாதிக்கு மேல் அகதியின் செலவுக்கே போக வேண்டும், மீதியில்தான் அமைப்பு தன் ஊழியர் சம்பளம், அலுவலகம், வண்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து பேர் குடும்பம் என்றால் எப்படியோ இழுத்துப் பிடிக்கலாம். தனியாக வந்த ஒருவருக்கு அந்தப் பணம் ஒரு மாத வாடகைக்கும் அட்வான்ஸுக்குமே காணாது. பற்றாக்குறையை நிரப்பியது நன்கொடை, பழைய சோபா, காரோட்டும் தன்னார்வலர்.

ஆயர் பேரவையின் கணக்கும் இதையே சொல்கிறது. 2023இல் அகதிகள் வேலைக்கு அரசிடமிருந்து வந்தது சுமார் 13 கோடி டாலர், அந்த வேலைக்குச் செலவானது அதைவிடக் கூடுதல். 10 கோடிக்கு மேல் வாங்கினார்கள் என்ற அளவில் வான்ஸ் சொன்னது சரி. அதில் லாபம் பார்த்தார்கள் என்று கொள்ள எந்த இடமும் இல்லை.

வேலை தேடும் கதை

எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் கவனிக்கத்தக்கதாகப் படுவது இதுதான். அமெரிக்க அகதித் திட்டத்தின் ஒரே பெரிய இலக்கு, சீக்கிரம் சொந்தக் காலில் நிற்க வைப்பது.

1. ஈடு நிதித் திட்டம். தொண்டு அமைப்பு 1 டாலர் திரட்டினால் அரசு 2 டாலர் போடும். திரட்டியது ரொக்கமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. கொடையாக வந்த மரச்சாமானும் தன்னார்வலரின் நேரமும் மதிப்புப் போட்டுச் சேர்க்கப்படும். நிபந்தனை, அந்தக் குடும்பம் அரசின் ரொக்க உதவிக்குப் போகாமல் 240 நாளுக்குள் தன் வருமானத்தில் வாழத் தொடங்க வேண்டும்.

2. விமான டிக்கெட் கடன். இது பலருக்குத் தெரியாது. அகதிகள் இலவசமாகப் பறந்து வருவதில்லை. பயணச் செலவை சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பு வட்டியில்லாக் கடனாகத் தரும், வந்து ஆறு மாதத்தில் தவணை தொடங்கிவிடும். வசூலிக்கும் வேலை குடியமர்த்தும் அமைப்புக்கே, வசூலில் ஒரு பங்கும் அதற்கு உண்டு. ஆறு பேர் குடும்பம் பல ஆயிரம் டாலர் கடனோடுதான் அமெரிக்க வாழ்க்கையைத் தொடங்குகிறது.

3. விளைவு. கிடைக்கிற முதல் வேலையை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கோழி வெட்டும் ஆலை, கிடங்கு, ஹோட்டல் அறை சுத்தம். ஊரில் மருந்தாளுநராகவோ பொறியாளராகவோ இருந்தவருக்கும் அதுதான். சான்றிதழ் மதிப்பீடு, உரிமத் தேர்வு, உயர்நிலை ஆங்கில வகுப்பு என்று மேலே ஏற்றிவிடும் உதவிகள் ஐந்து வருடம்வரை கிடைக்கும் என்றாலும், பத்து மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு இரவில் படிக்க எத்தனை பேரால் முடியும்? இந்த அவசரம் நியாயமில்லாதது என்று நினைக்கிறேன். ஆனால் அவசரத்தைத் தீர்மானித்தது நிதியின் கால அளவு, கேஸ் வொர்க்கர்கள் அதற்குள் நின்றுதான் வேலை செய்தார்கள்.

2025இல் நடந்தது

ஜனவரி 20, பதவியேற்ற அன்றே அதிபர் டிரம்ப் அகதிகள் வருகையை நிறுத்திவைக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். முந்தைய நிதியாண்டில் 1,00,000 பேருக்கு மேல் வந்திருந்தார்கள், முப்பது ஆண்டுகளில் அதுவே அதிகம். ஜனவரி 24, ஒப்பந்த நிதியை நிறுத்தி அமைப்புகளுக்குக் கடிதம் வந்தது. இங்கேதான் பெரிய அடி விழுந்தது. இனி ஆள் வராது என்பது ஒன்று, ஏற்கெனவே வந்து 90 நாள் முடியாதவர்களுக்கும் பணம் இல்லை என்பது வேறு. ஆயர் பேரவையின் பொறுப்பில் மட்டும் அப்படி 6,700 பேர் இருந்தார்கள். அரசு வரவழைத்து, அரசு சொன்ன ஊரில் இறங்கி, இரண்டாம் மாத வாடகைக்குக் காத்திருந்தவர்கள்.

பேரவை தன் அகதிகள் பிரிவில் சுமார் 50 பேரை வேலையிலிருந்து நிறுத்தியது. பிப்ரவரி 18இல் அரசு மீது வழக்குப் போட்டது. அந்த மாதக் கடைசியில் அரசு ஒப்பந்தத்தையே முறித்தது. மார்ச்சில் நீதிபதி இடைக்கால நிவாரணம் தர மறுத்தார். இது அடிப்படையில் ஒப்பந்தப் பணத் தகராறு, அதற்கென்று இருக்கும் வேறு நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும் என்பது அவர் பார்வை. ஏப்ரல் 7 அன்று பேரவைத் தலைவர் பேராயர் திமோத்தி பிராலியோ, அகதிகளுக்கும் குழந்தைகளுக்குமான கூட்டு ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று அறிவித்தார். இதே அளவில் தனியாகத் தொடர எங்களால் முடியாது என்பதுதான் சொன்ன காரணம். அரை நூற்றாண்டு உறவு அதோடு முடிந்தது.

2026 நிதியாண்டுக்கான உச்சவரம்பு 7,500. முந்தைய ஆண்டு 1,25,000 என்று வைக்கப்பட்டிருந்தது. அந்த 7,500லும் முன்னுரிமை தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கானர் வெள்ளையர்களுக்கு.

"அரசுப் பணம் இல்லாவிட்டால் திருச்சபை தன் பணத்தில் செய்யட்டுமே" என்று பலர் கேட்டார்கள். கேட்கத் தகுந்த கேள்விதான். அரசு நிதியில் இவ்வளவு சாய்ந்து நின்றது ஆபத்து என்று திருச்சபைக்குள்ளேயே நெடுநாளாகச் சொல்லி வந்தவர்கள் உண்டு. 2006இல் பாஸ்டன் கத்தோலிக் சாரிட்டீஸ் தத்துக் கொடுக்கும் சேவையையே கைவிட்டது, ஒருபாலினத் தம்பதியருக்கும் தர வேண்டும் என்ற மாநில விதியோடு ஒத்துப்போக முடியாததால். பிலடெல்பியாவில் அதே வகைப் பிரச்சினை 2021இல் உச்ச நீதிமன்றம்வரை போய்த்தான் திருச்சபை அமைப்புக்குச் சாதகமாக முடிந்தது. ஆனால் அகதிகள் விஷயத்தில் அந்தக் கேள்வி ஒன்றை விட்டுவிடுகிறது. யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்தது அரசு. அழைத்தவர் பாதிச் செலவைக்கூட ஏற்காமல், வரவேற்கப் போனவரிடம் முழுச் செலவையும் கேட்பது முறையாகாது.

ஏற்கெனவே வந்தவர்களுக்கு என்ன ஆகிறது

இங்கேதான் குடும்பங்களுக்கு உதவுவது, வேலை தேடித் தருவது, அகதிகளைப் பார்த்துக்கொள்வது என்ற மூன்று பணிகளும் ஒன்றாக முட்டுகின்றன. மூன்று மாற்றங்களைச் சேர்த்துப் பாருங்கள்.

1. அகதிகளுக்கான ரொக்க உதவியும் மருத்துவ உதவியும் 12 மாதம் இருந்தது. 2025 மே முதல் 4 மாதமாகக் குறைக்கப்பட்டது.

2. 2025 ஜூலை 4இல் கையெழுத்தான பெரிய வரிச் சட்டம், அகதி என்ற தகுதியில் உணவு மானியம் பெறும் உரிமையை எடுத்துவிட்டது. கிரீன் கார்டு கிடைத்த பிறகுதான் இனி பெற முடியும்.

3. 2025 நவம்பரில், முந்தைய ஆட்சிக் காலத்தில் வந்த சுமார் 2 லட்சம் அகதிகளின் வழக்குகளை மறுபடி ஆராய்வது என்றும், அவர்களுடைய நிலுவையிலுள்ள கிரீன் கார்டு விண்ணப்பங்களை அதுவரை நிறுத்திவைப்பது என்றும் குடியேற்றத் துறையின் உள் உத்தரவு ஒன்று வெளியே வந்தது.

இரண்டாவதையும் மூன்றாவதையும் இணைத்தால் கணக்கு இப்படிப் போகிறது. உணவு மானியத்துக்கு கிரீன் கார்டு வேண்டும், கிரீன் கார்டு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, அந்தக் குடும்பம் மாதக் கடைசியில் ஊர் கத்தோலிக் சாரிட்டீஸின் ஃபுட் பேன்ட்ரி வரிசையில் நிற்கிறது, அமெரிக்காவில் பிறந்தவர்களுக்குப் பின்னால். அகதிகள் பிரிவை மூடினாலும் அந்த மனிதர்கள் வேறொரு கதவு வழியாக அதே கட்டடத்துக்குள்தான் வருகிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், அவர்கள் மொழி பேசிய, அவர்கள் வழக்கு விவரம் தெரிந்த கேஸ் வொர்க்கர் இப்போது அங்கே இல்லை.

எல்லாம் முடிந்துவிடவும் இல்லை. பேரவையின் ஒப்பந்தம் போனாலும், மாநிலங்கள் வழியாக வரும் வேலைவாய்ப்பு, மொழிப் பயிற்சி நிதியை வைத்துக்கொண்டு பல ஊர் அமைப்புகள் தொடர்கின்றன. வழக்கறிஞர் அல்லாத, ஆனால் மத்திய அரசின் நீதி அமைச்சகத்திடம் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் குறைந்த கட்டணத்தில் குடியேற்ற விண்ணப்பங்களைத் தயாரித்துக் கொடுக்கும் சேவையும் பல மறைமாவட்டங்களில் நடக்கிறது. தெரிந்த அகதிக் குடும்பம் யாராவது இருந்தால், தேசிய அலுவலகத்தைத் தேட வேண்டாம், அவர்கள் வசிக்கும் மறைமாவட்டத்தின் அலுவலகத்தை நேராகக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: அங்கீகாரம் பெற்ற குடியேற்றப் பிரதிநிதி இருக்கிறாரா, ஐந்து வருட வேலைவாய்ப்புச் சேவை இன்னும் நடக்கிறதா. விண்ணப்பம் போட்ட ரசீது, வந்த தேதி காட்டும் ஐ-94 ஆவணம் இரண்டையும் போகும்போது கையில் எடுத்துப்போக வேண்டும். மறு விசாரணைக் கடிதம் ஏதாவது வந்திருந்தால் அதற்குப் பதில் எழுதுவதற்கு முன்பே போக வேண்டும்.